இரண்டாகப் பிரிப்பவர்

அவர் வீட்டின் கீழ்த்தளத்தில் நான் மூன்று ஆண்டுகள் வாடகைக்கு இருந்தேன். அந்த மூன்று ஆண்டுகளில் அவரும் அவர் மனைவியும் ஒரே காரில் ஏறி நான் பார்த்ததில்லை.

அவர்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. ஒக்லண்டின் ஹில்ஸ்பரோவில், மனுக்காவ் கடல் தெரியும் சரிவில் அந்த வீடு. மேல்தளத்தில் நான்கு பேர்: அவர், ஆன்ட்டி, பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகன் மாறன், பள்ளிக்கூடத்து மகள் ஆரணி. வாசலில் இரண்டு கார்கள். சனிக்கிழமை கோயிலுக்குப் புறப்படும்போது அவர் சாவியை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே படியில் நின்று சொல்வார்: "சரி, ரெண்டாப் பிரியுங்கோ."

உடனே பிரிந்துவிடுவார்கள். ஒரு காரில் அவரும் ஒரு பிள்ளையும். இன்னொன்றில் ஆன்ட்டியும் மற்றப் பிள்ளையும். எந்தப் பிள்ளை எதில் என்பது மாறலாம். கணவனும் மனைவியும் சேரக்கூடாது, அண்ணனும் தங்கையும் சேரக்கூடாது. இந்த இரண்டு விதிகளையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. குடிவந்த இரண்டாவது மாதத்தில் நானே கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததும் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அதற்குக் காரணம் என் வேலை. தொலைத்தொடர்புக் கேபிள்கள் போகும் வழியைத் திட்டமிடுபவள் நான். ஒரு ஊருக்கு இரண்டு கேபிள் போகிறது என்றால் இரண்டையும் ஒரே பள்ளத்தில் புதைக்கக்கூடாது, ஒரே பாலத்தைக் கடக்க விடக்கூடாது. மண்வெட்டி எங்கே விழும் என்று நமக்குத் தெரியாது. எங்கே விழுந்தாலும் ஒன்று மிஞ்ச வேண்டும். இதை விளக்கினால் என் சொந்த அம்மாவே கொட்டாவி விடுவார். இவர் மட்டும் நான் சொல்லி முடிக்கும்வரை கண் இமைக்காமல் கேட்டுவிட்டு, "அதுதான் பிள்ளை சரி," என்றார்.

ஒனஹங்காவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் அவருக்கு வேலை. ஆளை எப்போதும் தடித்த நீலச் சட்டையில்தான் நினைவிருக்கிறது. உயரம் குறைவு. பேச்சும் குறைவு. காரில் ஏறுமுன் நான்கு டயர்களையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். மழையில் நனைந்த கண்ணாடியைப் பழைய செய்தித்தாளால் துடைப்பார், மூலை மூலையாக, கடையில் விற்பனைக்கு வைக்கப்போகிறவர்போல.

பாட்டனி டவுன்ஸ் கடைத்தொகுதிக்கு ஒருமுறை என்னையும் அழைத்துப்போனார்கள். லிஃப்டின் கதவு திறந்தது, உள்ளே இடமும் இருந்தது. ஆன்ட்டியும் நானும் ஆரணியும் ஏறினோம். அவர் ஏறவில்லை. மாறன் ஒரு கால் உள்ளே வைத்துவிட்டுத் தானாகவே எடுத்துக்கொண்டான்.

"ரெண்டு மாடிதானேப்பா, இதுக்குமா?" என்றாள் ஆரணி.

"நீங்கள் போங்கோ. நாங்கள் அடுத்ததிலை வாறம்."

கதவு மூடியதும் ஆன்ட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். "சிட்னியில என்ர தம்பியின்ர கலியாணம். இவர் ரெண்டு பிளேனில டிக்கெட் போட்டவர். நான் போய் இறங்கி ஆறு மணித்தியாலம் ஏர்போட்டிலை இவருக்காக் குந்திக்கொண்டு இருந்தனான். சனம் நினைச்சிருக்கும், புருசன் விட்டிட்டுப் போட்டான் எண்டு."

ஆன்ட்டி இதை நகைச்சுவையாகத்தான் சொல்வார். ரானுயியில் இருக்கும் உறவினர் வீடுகளில் இது பழைய நகைச்சுவை. "அண்ணை, பாயசத்தையும் ரெண்டாப் பிரிக்கவோ?" என்று கேட்பார்கள். அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டு, அவர்கள் வீட்டில் பின்கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்வார்.

காரணத்தை ஆன்ட்டி ஒரே ஒரு முறை சொன்னார், துணி காயப்போடும்போது, என் பக்கம் திரும்பாமல். "சண்டை நேரம், அவையின்ர வீட்டில ஏழு பேர் ஒரே டிராக்டரிலை ஏறினவை. இவருக்கு இடமில்லை. சைக்கிள்ள பின்னால போனவர்." அவ்வளவுதான். அடுத்த துணியை உதறினார்.

என் பெற்றோர் திருச்சியிலிருந்து வந்தபோது அவர் என்னிடம் கேட்டார். "ரெண்டு பேரும் ஒண்டாவோ வருகினம்?"

"ஆமா அங்கிள். ஒரே ஃபிளைட்."

அவர்கள் வந்த அன்று அவர் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு என்னோடு விமான நிலையத்துக்கு வந்தார். இறங்கிவிட்டது என்று பலகையில் வரும்வரை இருக்கையில் உட்காரவில்லை. அம்மாவும் அப்பாவும் தள்ளுவண்டியோடு வெளியே வந்தபோது, அவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு என் காதருகே சொன்னார்: "இனி இப்பிடிச் செய்யாதை பிள்ளை."

அன்று இரவு நான் அவர்கள் திரும்பிப்போகும் டிக்கெட்டுகளை மாற்றினேன். அப்பாவுக்கு வியாழன், அம்மாவுக்குச் சனி. அம்மாவுக்குத் தெரிந்ததும் வீடு இரண்டுபட்டது. "அந்தாளுக்குத்தான் கிறுக்குன்னா உனக்குமாடி? எனக்கு இங்கிலீஷ் வருமா? சிங்கப்பூர்ல நான் எங்கன்னு போய் நிப்பேன்?" நான் அமைதியாக அட்டவணை போட்டு விளக்கினேன். எந்த வாயில், எந்தத் தளம், எவ்வளவு நேரம். அம்மா தனியாகப் போனார். சிங்கப்பூரில் வழி தெரியாமல் அழுதிருக்கிறார். அப்பாதான் பிறகு சொன்னார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான் சொல்லவந்தது பனிமலைக்குப் போன கதை.

ஆரணிக்கு அது பள்ளியின் கடைசி ஆண்டு. அடுத்த ஆண்டு படிக்க டனீடினுக்குப் போகப்போகிறாள். போவதற்கு முன் குடும்பத்தோடு ஒரு தடவை பனியில் சறுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். ஜூலை மாதக் குளிர்கால விடுமுறைக்கு என்று முடிவாயிற்று. ருவாப்பேஹு மலையில் சறுக்குத் தளங்கள் இரண்டு. வடக்குப் பக்கம் ஒன்று, தெற்குப் பக்கம் ஒன்று. நடுவில் மலை. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக மலையைச் சுற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும். எதற்குப் போவது என்று ஒப்பிட்டுத் தரும்படி ஆரணி என்னைக் கேட்டாள். இப்படி ஒரு வேலை கிடைத்தால் எனக்குப் பசிகூடத் தெரியாது.

பத்து அம்சங்கள் எடுத்துக்கொண்டேன். புதிதாகக் கற்பவர்களுக்குச் சமதளம் எவ்வளவு, மேலே போகும் பாதையில் பனியில் வழுக்காமல் இருக்க டயருக்குச் சங்கிலி தேவைப்படுமா, சறுக்குக் காலணி வாடகைக்கு எங்கே கிடைக்கும், மேகம் எந்தப் பக்கம் முதலில் இறங்கும், கழிப்பறை எவ்வளவு தூரம். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மதிப்பெண்.

அதை முடிப்பதற்கு முந்தைய நாள் ஆன்ட்டி கீழே வந்தார். கையில் இடியப்பமும் சொதியும். வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"பிள்ளை, உந்த மார்க்ஸ் போடுறியே. ஒண்டுக்கு நல்லாக் கூடப் போடன்."

"எதுக்கு ஆன்ட்டி?"

"எதுக்கெண்டாலும் பரவாயில்லை. ஒண்டு நல்லா மேல நிக்கோணும். ரெண்டும் கிட்டக் கிட்ட வந்தால் அவர் ரெண்டுக்கும் பிரிச்சுப் போடுவார்." கொஞ்ச நேரம் பாத்திரத்தின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "இந்த நாட்டுக்கு வந்து இருவது வருசம். நாலு பேரும் ஒரே இடத்தில நிண்டு பனியைத் தொடோணும், பிள்ளை. ஒரே ஒருக்கா. பிறகு இவள் போயிடுவாள்."

"கணக்கு எப்படி வருதோ அப்படித்தான் ஆன்ட்டி போட முடியும்," என்றேன்.

எவ்வளவு மரியாதையாகச் சொன்னேன் என்று நினைத்தால் இன்றும் கூசுகிறது.

வடக்கு நாற்பத்தொன்று, தெற்கு நாற்பது. மேலே அவர்களுடைய சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். சங்கிலி என்ற வரியில் நின்றார், மேகம் என்ற வரியில் நின்றார். கடைசியில் முகம் மலர்ந்தது.

"வடிவாச் செய்திருக்கிறாய் பிள்ளை. ரெண்டும் ஒரே அளவு. அப்ப ரெண்டுக்கும் போவம்."

"அப்பா!" என்று கத்தினாள் ஆரணி. "இது ஃபேமிலி ஹொலிடே!"

"ஃபேமிலிதான் போறம். பனி ரெண்டு பக்கமும் ஒரே பனிதான்."

ஆன்ட்டி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அடுப்பைப் பார்த்தபடியே பேரம் பேசினார். இரண்டாம் நாள் மூன்று மணிக்காவது நான்கு பேரும் ஓரிடத்தில் சந்திக்க வேண்டும், சேர்ந்து நின்று ஒரு படம் எடுக்க வேண்டும். தெற்குத் தளத்தின் அடிவாரத்தில் ஒஹாகுனி என்ற சிற்றூர். அங்கே பூங்காவில் வீட்டுயரத்துக்கு ஒரு கேரட் சிலை உண்டு. "சரி," என்றார் அவர். "மூண்டு மணிக்குக் கரட்டடியிலை." மாறன் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஆக, ஆன்ட்டியும் மாறனும் வடக்கே. அவரும் ஆரணியும் தெற்கே. நான் தெற்கே போனேன், அவருடைய காரில்.

முதல் நாள் நன்றாகப் போயிற்று. கிடங்கிலிருந்து கொண்டுவந்திருந்த தடித்த மேலங்கிகளை எங்களுக்குக் கொடுத்தார். ஆரணி விழுந்து எழுந்து பழகினாள். நானும் ஏழுமுறை விழுந்தேன். அவர் சறுக்கவில்லை. வாகன நிறுத்தத்தின் ஓரத்தில் ஒரு எச்சரிக்கைப் பலகை இருந்தது. இந்த மலை உயிருள்ள எரிமலை, சைரன் ஒலித்தால் பள்ளத்தில் நிற்காதீர்கள், மேட்டுக்கு ஏறுங்கள். எல்லோரும் அதைக் கடந்து காப்பிக்குப் போனார்கள். அவர் அதை இரண்டு தடவை படித்தார், கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு மலையுச்சியைப் பார்த்தார். உச்சிக்கு அந்தப்பக்கம் ஆன்ட்டி இருந்தார். பலகையருகே நின்ற அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

இரண்டாம் நாள் நண்பகலிலேயே மேகம் இறங்கிவிட்டது. நாங்கள் சீக்கிரமே கீழே வந்து மூன்று மணிக்கெல்லாம் பூங்காவில் நின்றோம். தூறல். கேரட்டின் பாதி மூடுபனிக்குள்.

மூன்றரை ஆயிற்று. ஆரணி அம்மாவை அழைத்தாள். அணைந்திருந்தது. அண்ணனை அழைத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தபோது அதுவும் அணைந்திருந்தது. நான் வழக்கம்போல் மனதுக்குள் வரிசை போட்டேன். குளிரில் பேட்டரி இறங்கியிருக்கலாம். மலைப்பாதையில் கார்கள் வரிசையில் நிற்கலாம். சங்கிலி மாட்டுவதில் தாமதம் ஆகியிருக்கலாம். நான்காவதை நான் எண்ணவில்லை.

நான்கு மணிக்கு அவர் எழுந்துபோனார். விசாரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சூடான சிப்ஸ் பொட்டலம் ஒன்றோடு திரும்பி வந்தார்.

"சாப்பிடுங்கோ. ஆறமுதல் சாப்பிடுங்கோ."

"அப்பா, பொலிசுக்கு ஒருக்கா அடிச்சுக் கேப்பமே?" என்றாள் ஆரணி.

"கேக்கலாம். முதல்ல சாப்பிடு." ஃபிளாஸ்கைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றினார். நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துளி சிந்தவில்லை.

நான்தான் போலீஸை அழைத்துக் கேட்டேன். வடக்குப் பக்கம் மூடுபனி, வாகனங்கள் மெல்ல நகர்கின்றன, விபத்து எதுவும் இதுவரை பதிவாகவில்லை என்றார்கள். அவரிடம் சொன்னேன். தலையசைத்தார். பிறகு மகளிடம், அவள் பள்ளியைப் பற்றி விசாரிக்கும் அதே குரலில் பேச ஆரம்பித்தார்.

"அம்மாவின்ர பாஸ்போட் என்ர அலுமாரியில இல்லை. மாறன்ர மேசையில, கீழ் லாச்சிக்குள்ள. கோயில் ஐயரின்ர நம்பர் பிரிஜ்ஜில ஒட்டியிருக்கு."

"ஏன் இப்ப அதைச் சொல்லுறியள்?"

"தெரிஞ்சிருக்கோணும். நீ டனீடினுக்குப் போகவேண்டாம். ஒக்லண்டிலையே படிக்கலாம். அந்த முன்னறையை நீ எடு."

"அப்பா, தே ஆர் ஜஸ்ட் லேட்!"

"ஓமோம். லேட்டாத்தான் இருக்கும்." அவள் தோளில் கை வைத்தார். அன்பாகத்தான் வைத்தார். "நீ இருக்கிறாய். நான் இருக்கிறன். ரெண்டு பேர் காணும்."

ஆரணி மெல்ல நகர்ந்து என் பக்கம் வந்து நின்றாள். அவள் பற்கள் அடித்துக்கொள்ளும் ஓசை எனக்குக் கேட்டது. அவர் மீதிச் சிப்ஸை உப்பு உதறிச் சாப்பிட்டு முடித்தார்.

ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு அவர்கள் வந்தார்கள். மாறன் இறங்கும்போதே கத்தினான், "சொறி, சொறி, ரெண்டு மணித்தியாலம் ஒரே இடத்தில நிண்டனாங்கள். ஃபோன் ரெண்டும் செத்துப்போச்சு." ஆன்ட்டி கால் வழுக்க வழுக்க ஓடிவந்தார். ஆரணி தாயைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அவரோ அவர்கள் வந்த காரின் முன்விளக்குகளில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைக்கப் போய்விட்டார்.

"அப்பா பயந்திட்டாரே?" என்று கேட்டார் ஆன்ட்டி. கேட்டது மகளிடம். ஆனால் கண்கள் அந்தக் குனிந்த முதுகில் இருந்தன. இருபது வருடமாக வேறு காரில் போகிறவர் கேட்கும் கேள்வி அது என்று எனக்குத் தோன்றியது.

ஆரணி ஒரு நொடி தாமதித்தாள். "ஓம் அம்மா. சரியாப் பயந்திட்டார். அழுதிடுவார் போல இருந்தது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மெய்யே பிள்ளை?"

"ஆமா ஆன்ட்டி," என்றேன். "ஒரு இடத்துல நிக்கல. ரொம்பத் தவிச்சுப் போயிட்டாரு."

ஆன்ட்டியின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. படம் எடுக்கும் நினைவே அவருக்கு வரவில்லை. வடக்கே திரும்பும் பாதையை மூடிவிட்டதால் அவர்களும் அன்று ஒஹாகுனியிலேயே தங்கினார்கள். எங்கள் மோட்டலில் அறை காலியாக இருந்தது. அவர் தெருக்கோடியில் வேறொரு மோட்டலைப் பிடித்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஒக்லண்டுக்குத் திரும்பப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். மூடுபனி இன்னும் கலையவில்லை. ஆன்ட்டி தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல் அவருடைய காரின் முன்கதவைத் திறந்து, ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"நான் இண்டைக்கு இவரோட வாறன்."

அவர் சாவியை உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தினார். பிறகு அவர் சாவியை மாறனிடம் நீட்டினார்.

"நீ அம்மாவோட போ. கவனமா ஓட்டு."

அவர் நடந்து வந்து நாங்கள் நின்ற இரண்டாவது காரின் பின்கதவைத் திறந்தார். ஆன்ட்டி திரும்பிப் பார்க்கவில்லை. முன்கண்ணாடிக்கு வெளியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், நீங்க ஓட்டலையா?" என்றேன்.

"நீ ஓட்டு பிள்ளை. எனக்குக் கை நடுங்குது." நீட்டிக் காட்டினார். உண்மைதான், இரண்டு கைகளும் நடுங்கின. "அவ அதில ஏறி இருந்தவுடனை..." என்று தொடங்கினார், முடிக்கவில்லை. பின்னிருக்கையில் சரிந்துகொண்டார்.

மாறன் முன்னே போனான். நான் பின்னால். ஊரைத் தாண்டியதும் மூடுபனி அடர்ந்தது. முன்னால் போன காரின் சிவப்பு விளக்குகள் மட்டும் தெரிந்தன.

"இடைவெளி விடு பிள்ளை," என்றார் பின்னாலிருந்து. விட்டேன். "இன்னும் விடு." இன்னும் விட்டேன். ஒரு வளைவில் அந்த விளக்குகள் மறைந்தன, வளைவு முடிந்த பிறகும் திரும்ப வரவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். அவர் தூங்கிவிட்டிருந்தார். கைகள் மடியில் அசையாமல் கிடந்தன.

பக்கத்தில் இருந்த ஆரணி அவர் விழித்துவிடாதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அக்கா, பிடியுங்கோ. அம்மாவைப் பிடியுங்கோ."

நான் வேகத்தைக் கூட்டினேன். சாலையில் அடுத்த வெள்ளைக் கோடுவரைதான் தெரிந்தது.